குழாயில் வந்த கை

“இது எத்தனை வருசம் வரும்ணே?”

கீசரை மாட்டி முடித்து, ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போடும்போது எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி வந்துவிடும். போடியில் மாடி மேல் மாடி கட்டியவர் வீட்டிலும் கேட்டார்கள், மலையில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்திலும் கேட்டார்கள். தாலி கட்டிய அன்றைக்கே மாப்பிள்ளை எத்தனை வருசம் இருப்பான் என்று யாராவது கேட்பார்களா? கேட்கத் தோன்றும், கேட்டதில்லை. வேலை வேண்டுமே.

சோலியை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை. நான் வேலை பார்த்த கடையில் இப்போது இருப்பவர்கள் கூப்பிட்டு, “அண்ணே, போன்லயே ஆன் பண்ற கீசர் வந்திருச்சு, இதாவது கெடாம ஓடுமா?” என்கிறார்கள். நீ போனில் ஆன் பண்ணுவது தண்ணீருக்குத் தெரியுமா அப்பு? அது தன் வேலையைத்தான் பார்க்கும். கீசரைக் கொல்வது தண்ணீர். எந்தத் தண்ணீர் என்று சொன்னால் எப்படிச் சாகும் என்று சொல்லிவிடுவேன்.

போடியில் போர்த் தண்ணீர் உப்பு. தொட்டிக்குள் தண்ணீரைச் சுட வைக்கிற காயில் மேல் அந்த உப்பு படிந்து படிந்து கல்லாகிவிடும். சூடு வெளியே வர வழியில்லாமல் காயில் உள்ளுக்குள்ளேயே வெந்து ஒருநாள் அறுந்துபோகும். அதற்கு முன்னால் சத்தம் போடும். ஒரு வாத்தியார் வீட்டில் பாத்ரூமுக்கு அடுத்த அறையில் படுப்பதையே விட்டுவிட்டார்கள். உள்ளே யாரோ பல்லை நறநறவென்று கடிக்கிறார்களாம். வாத்தியார் சம்சாரம் கீசரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தார். நான் அடித் தட்டைக் கழற்றியதும் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் வாளியில் கொட்டின, பாதி வாளி. அந்தம்மா எட்ட நின்றபடியே, “இதுவாண்ணே இத்தன நாளா பேசுச்சு?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

மலைத் தண்ணீர் அப்படி இல்லை. ஓடையில் இலை ஊறி வருகிற தண்ணீர், வாயில் வைத்தால் இனிக்கும். உப்புப் படியாது, சத்தம் வராது. அதனால் மேலே இருப்பவர்கள் தங்கள் கீசருக்குச் சாவே கிடையாது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் இரும்பைத் தின்னும். தொட்டிக்குள் ஒரு கம்பி தொங்கும். தொட்டியைத் தின்பதற்குப் பதிலாக முதலில் அதைத் தின்னட்டும் என்று வைத்திருப்பது. எங்கள் கடையில் அதற்குப் பலிகடா என்று பேர். பலிகடா தீர்ந்ததும் தண்ணீர் தொட்டிக்கும் காயிலுக்கும் வரும். காயிலின் மேல் தோலில் குண்டூசி முனை அளவு ஓட்டை விழும். அப்போதும் தண்ணீர் சூடாகும், விளக்கு எரியும், எதுவும் கெட்ட மாதிரியே தெரியாது. ஆனால் கரண்டு தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். எர்த்துக் கம்பி சரியாக இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும், யாருக்கும் தெரியாது. எர்த்து சரியில்லையென்றால் குழாயில் வந்து நிற்கும், யாராவது தொடுகிற வரைக்கும்.

எனக்கு இந்தத் தொழிலில் மேலாளாக இருந்தவர் துரைப்பாண்டி அண்ணன். சிலமலையில் பம்புசெட்டு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்த என்னைக் கடையில் சேர்த்துக்கொண்டவர். ஒரு வார்த்தை பாராட்டிப் பேசியது கிடையாது. ஆளும் சிரிக்க மாட்டார். ஒரு வீட்டுக்குப் போனால் கீசர் பக்கமே திரும்ப மாட்டார். நேராகக் கொல்லைக்குப் போவார். எர்த்துக் குழி எங்கே என்று கேட்பார். முக்கால்வாசி வீட்டில் யாருக்கும் தெரியாது. தேடிக் கண்டுபிடித்து ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, மண் எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்று குத்தவைத்துப் பார்ப்பார். பட்டென்று குடித்தால் முகம் கறுத்துவிடும். மண் காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். காய்ந்த மண் கரண்டை வாங்காது.

அதன்பிறகு உள்ளே வருவார். வீட்டில் யார் முதலில் குளிப்பது என்று பெண்களிடம் கேட்பார், ஆம்பளைகளிடம் கேட்க மாட்டார். பிறகு டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, புறங்கையால் குழாயைத் தொடுவார். “உள்ளங்கைய வச்சேன்னா கை மடங்கிப் பிடிச்சுக்கும்டா, விடாது. புறங்கைய வச்சாத் தள்ளி விட்ரும்,” என்பார். கரண்டு என்று அவர் வாயில் வந்ததே இல்லை. ‘வந்தவன்’ என்பார். “வந்தவன் வீட்டுக்குள்ளயே நிக்கிறான்டா, வழி காட்டி விடு,” என்றால் எர்த்தைச் சரி பண்ணு என்று பொருள். வெயில் அடிக்கிற பகலில்கூட அவர் அப்படிச் சொல்லும்போது எனக்குப் பிடரி சிலிர்க்கும்.

போடிமெட்டைத் தாண்டி ஓர் ஏலத் தோட்டத்தின் ஓரத்தில் பெருமாள் கங்காணி வீடு இருந்தது. ஆட்களை வைத்து வேலை வாங்கியே தலை நரைத்தவர். அவருக்கு மூட்டுவலி, பச்சைத் தண்ணீர் ஆகாது என்று அவர் சம்சாரம் பொன்னுத்தாய் ஆத்தா சொல்லித்தான் கீசர் வாங்கினார்கள். அண்ணனும் நானும் போய் மாட்டினோம். அங்கே மண் ஒரு முழம்தான், கீழே பாறை. கீசர் மாட்டியதைவிட எர்த்துக் குழி தோண்டியதற்குத்தான் அதிக நேரம் ஆனது. இரும்புக் குழாயை நட்டு, ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரின் அடுப்புக் கரியையும் உப்பையும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்பினோம்.

அண்ணன் கங்காணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆத்தாவைக் கூப்பிட்டார். “ஆத்தா, இது பாறை. மண்ணு சீக்கிரம் காஞ்சுரும். தினமும் இதுல ஒரு குடம் தண்ணி ஊத்தணும். மறந்துறக் கூடாது.”

“மறக்காம இருக்க நான் ஒரு வழி வச்சுக்கிறேன்,” என்று போனவர் தோட்டத்திலிருந்து ஓர் ஏலக் கன்றைக் கொண்டுவந்து, எர்த்துக் குழாயை ஒட்டி நட்டுவிட்டார். “செடி நிக்கிது பாருங்க, இனிமே எப்பிடி மறக்கும்? பச்சப் புள்ளயப் பட்டினி போடுவேனா?”

துரைப்பாண்டி அண்ணன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சர்வீசுக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். செடி பக்கக் கன்று விட்டுப் பெரிய தூராகி ஆள் உயரத்துக்கு நின்றது. அடியில் மண் எப்போதும் ஈரம். அண்ணன் காலமான பிறகு நான் தனியாகப் போக ஆரம்பித்தபோதும் அப்படித்தான். பலிகடாக் கம்பியை மாற்றிவிட்டு, ஆத்தா கையால் ஏலக்காய் தட்டிப் போட்ட கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு வருவேன். பிறகு கொஞ்ச வருசம் எனக்கும் உடம்பு முடியவில்லை. மேலே போவது நின்றுபோனது. ஒரு ஐப்பசியில் ஆத்தா இறந்துவிட்டார் என்று யாரோ சொல்லித்தான் தெரியும்.

பங்குனியில் அவர்கள் மகள் ராணி போன் பண்ணினார். போடியில் நர்ஸ் வேலை. குரல் அடங்கியிருந்தது.

“அண்ணே, கீசரப் பாக்கணும்னு சொல்லி ஒரு எட்டு வாங்க. ஆனா கீசருக்கு ஒண்ணுமில்ல.”

“பெறகு எதுக்கும்மா வரணும்?”

“அப்பா குழாய்கிட்டப் பேசுறாருண்ணே.” கொஞ்சம் அழுதார். “விடியக்காலம் பாத்ரூமுக்குள்ள போனா வெளிய வர்றதில்ல. அம்மா வந்து கையத் தொடுதுங்கிறாரு. புத்தி பெசகிருச்சோன்னு பயமா இருக்கு. போடிக்கு வாங்கன்னா, உங்கம்மாவ விட்டுட்டு எப்பிடி வருவேங்கிறாரு. நீங்க வந்து கீசர் போச்சு, இனிமே மாத்த முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. சுடுதண்ணி இல்லன்னா எங்கூட வந்துருவாரு.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருசத்தில் நல்ல மெஷினைக் கெட்டது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பெண் அழுகிறது. சரி வர்றேன் என்றேன்.

மறுநாள் காலை ஜீப்பில் ஏறினேன். வழியெல்லாம் வறண்டு கிடந்தது. வீட்டு முன்னால் இறங்கியபோது ஒரு சத்தமும் இல்லை, ஒரு கோழிகூட இல்லை. தோளில் துண்டோடு கங்காணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். ஆனால் முகத்தில் துக்கம் இல்லை. பொண்ணு பார்க்கப் போகிற பையன் முகம் மாதிரி ஒரு வெளிச்சம். அதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது.

“வா மாப்ளே. இன்னும் குளிக்கல. இவ பலகையத் தூக்கி வெயில்ல போட்டுட்டா.”

சுவரில் ஒரு பலாப்பலகை சாய்த்து வைத்திருந்தது. “பாசி புடிச்சு வழுக்குதுண்ணே,” என்றார் ராணி. “வெறுந்தரையில நின்னு குளிங்கப்பான்னா கேக்க மாட்டேங்கிறாரு. காலையில இருந்து இதே சண்டை.”

“தரையில நிக்கக் கூடாதுன்னு உங்கம்மா சொல்லியிருக்கால்ல? குளிர் ஏறி மூட்டப் புடிச்சுக்கும்னுதான பலகை செஞ்சு போட்டா.” என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “மாப்ளே, உங்கிட்டச் சொன்னா என்ன? அவ வர்றா. மாசி மாசத்துல இருந்து. கீசரப் போட்டுட்டு, குழாயத் தொறக்கப் போவேன். விரல் நுனியில வந்து தொடுவா. மெதுவாத்தான். கல்யாணமான புதுசுல ஆளு பாக்காதப்பத் தொடுவாள்ல, அந்த மாதிரி.”

வெட்கப்பட்டார். எழுபதைத் தாண்டிய மனுசன்.

“தினமும் வருவாங்களாய்யா?”

“மழை பேஞ்சா வரமாட்டா. போன வாரம் கோடமழ தூத்துச்சுல்ல, ரெண்டு நாளு வரல. உசுரோட இருக்கயிலயும் அவளுக்கு நனையப் புடிக்காது.”

மழை பெய்தால் வர மாட்டாள். அதைக் கேட்டதும் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தேன். “ஐயா, யாரும் பாத்ரூமுக்குள்ள போகாதீங்க,” என்று சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன்.

சின்ன அறை. ஜன்னல் வழியாக மேகம் வந்துவிட்டுப் போகிறது. கீசர் விளக்கு சிவப்பாக எரிந்தது. சத்தமே இல்லை. டெஸ்டரைக் குழாயில் வைத்தேன். எரிந்தது. ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தேன், எரிந்தது. டெஸ்டர் சொல்லியபிறகு தொடக்கூடாதுதான். ரப்பர் செருப்பு போட்டிருந்தேன், தரை காய்ந்திருந்தது. அவர் என்ன உணர்ந்தார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. புறங்கையை மெல்லக் கொண்டுபோனேன்.

எத்தனையோ ஷாக் வாங்கியவன் நான். உதறித் தள்ளும், கடிக்கும், தோள் வரைக்கும் ஏறும். இது அப்படி இல்லை. யாரோ விரலை வைத்து, எடுத்து, திரும்ப வைத்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கண் சிமிட்டும் நேரம் நானும் நம்பிவிட்டேன். ஆத்தா என்று வாய்க்குள் வந்தது. கையை எடுத்துக்கொண்டு மெயினை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வெயிலில் சாய்ந்திருந்த பலகை கண்ணில் பட்டது. காலையில் மட்டும் மகள் பேச்சைக் கேட்டு அந்த மனுசன் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று அந்தக் குழாயைப் பிடித்திருந்தால்? கரண்டு தரைக்கு இறங்காமல் அந்தக் கட்டைதான் இத்தனை நாளும் தடுத்திருக்கிறது. ராணி எப்போதும் செருப்போடுதான் பாத்ரூமுக்குப் போவார், அதனால் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

“ஐயா, உங்க கீசர் மெய்யாவே கெட்டுப் போச்சு. குழாயில கரண்டு இறங்குது. இனிமே தொட்டா ஆளே இருக்க மாட்டீங்க.”

கங்காணி என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. “இவ சொல்லிக் குடுத்தாளா?”

ராணி தலையைக் குனிந்துகொண்டார். போதாதா? வந்ததே வினை.

“நெனச்சேன். கீசரப் புடுங்கிட்டா நான் கீழ எறங்கிருவேன்னு ரெண்டு பேரும் பேசி வச்சுருக்கீக. போ மாப்ளே. பையத் தூக்கிட்டுப் போ. அவ இருக்கிற இடத்துலதான் நான் இருப்பேன். செத்தா செத்துட்டுப் போறேன், அவ கையிலதான சாவேன்?”

கத்தலாமா என்று நினைத்தேன். கத்தி என்ன ஆகப்போகிறது? துரைப்பாண்டி அண்ணன் செய்வதைச் செய்தேன். கொல்லைப் பக்கம் போனேன்.

ஏலத் தூர் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம், பக்கத்தில் எரிந்த சாம்பல். எர்த்துக் குழாய் மட்டும் மொட்டையாக நின்றது. மண் பொரிகடலை மாதிரி உதிர்ந்தது. குழாயில் முறுக்கியிருந்த கம்பி பிய்ந்து, நுனி மண்ணுக்குள் சும்மா கிடந்தது.

“இங்க இருந்த செடி எங்கய்யா?” பின்னாலேயே வந்துவிட்ட கங்காணியிடம் கேட்டேன்.

“மார்கழியில எலையில மஞ்சக் கோடு விழுந்துச்சு. நோவு. தோண்டி எரிச்சுட்டேன். பெறகு தோட்டம் பூராவும் பரவிரும்ல?” காலமெல்லாம் தோட்டத்தில் அதைத்தான் செய்தவர். நோய் கண்ட தூரைப் பார்த்தால் கை தானாக மண்வெட்டியைத் தேடும். அது அவர் சம்சாரம் வைத்த செடி என்று தெரிந்தும், அழுதுகொண்டேதான் வெட்டினாராம். வேரோடு சேர்ந்து கம்பியும் பிய்ந்து வந்திருக்கிறது. செடி போனபிறகு அங்கே தண்ணீர் ஊற்றவும் யாருக்கும் வேலையில்லை.

“ஐயா, நான் பொய் சொல்றனா நெசம் சொல்றனான்னு நீங்களே பாருங்க. ராணி, பாத்ரூம்ல டெஸ்டர் வச்சுருக்கேன். செருப்போட போய், நான் சொல்றப்பக் குழாயில வச்சு எரியுதா இல்லியான்னு சொல்லணும். பிளாஸ்டிக்கத்தான் பிடிக்கணும், மேல இருக்குற தகட்டுல ஒரு விரல் மட்டும். குழாயில கை படக்கூடாது.” கம்பியை எடுத்துத் துடைத்து எர்த்துக் குழாயோடு இறுக்கிக் கட்டினேன். பிறகு மெயினைப் போட்டேன்.

“எரியுதுண்ணே,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “மங்கலா எரியுது.”

“ஐயா, ஒரு குடம் தண்ணி கொண்டாங்க.”

பிறகு என்ன நினைத்தாரோ, அடுப்படிக்குப் போய் ஒரு பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆத்தாவின் குடம். நான் வாங்கி ஊற்றினேன். மண் பட்டென்று குடித்தது. இன்னும் ஊற்றினேன். கரி வாசனை எழும்பியது. கடைசித் தண்ணீர் மேலே தேங்கி நின்றது.

“அணைஞ்சிருச்சுண்ணே!”

கங்காணி பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல தண்ணி ஊத்துனா அவ போயிருவாளா?”

“ஐயா, இதுல தினமும் யாரு தண்ணி ஊத்துனது?”

மேகம் இறங்கி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே புகுந்தது. அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

“அவதான்.”

“கீசரப் போடுறதும் அணைக்கிறதும் யாரு?”

“அவதான். அணைச்சுட்டுத்தான் குளிக்கக் கூப்பிடுவா.”

“பலகை?”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சொல்லவும் தேவை இருக்கவில்லை. அவரே ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது தெரிந்தது. இத்தனை வருசமாக அந்த வீட்டுக்குள் வரப் பார்த்த ஒன்றை அந்தம்மா ஒரு குடம் தண்ணீரால் தினமும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் போனதும் அது உள்ளே வந்துவிட்டது.

“அப்ப,” என்றார் கங்காணி. குரல் சின்னப் பிள்ளையுடையது மாதிரி ஆகிவிட்டது. “அப்ப எம்மேல தெனம் கை வச்சது யாரு மாப்ளே?”

துரைப்பாண்டி அண்ணன் சொல்கிற பேர் என் நாக்கு வரை வந்தது. அதைச் சொல்லவில்லை. “கரண்டுய்யா,” என்றேன். “வெறுங் கரண்டு.”

அவர் தன் வலது கையைத் தூக்கி, விரல்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேட்டியில் அழுத்தி அழுத்தித் துடைத்தார். ராணி ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். அன்றைக்குத்தான் கங்காணி சத்தம் போட்டு அழுதார். ஆத்தா செத்த அன்றுகூட அப்படி அழவில்லையாம், ராணி சொன்னார்.

அதன்பிறகு வேலையைப் பார்த்தேன். காயிலைக் கழற்றினால் மேல் தோல் முழுக்கப் புழு அரித்த கத்தரிக்காய் மாதிரி ஓட்டை. பலிகடாக் கம்பி இருந்த இடத்தில் வெறும் நூல். தொட்டியும் கசிய ஆரம்பித்திருந்தது. இனிமேல் வைத்தியம் இல்லை, புதுசுதான். போடியில் இருந்து இன்னொரு ஜீப்பில் வரவழைத்து, மதியத்துக்கு மேல் மாட்டினேன். கரண்டு லீக் ஆனால் தானாகவே மெயினை விழவைக்கிற சுவிட்ச் ஒன்றையும் போர்டில் வைத்தேன். இன்றைக்குப் புது வீடுகளில் அது இல்லாமல் இல்லை. அதுவரை அந்த வீட்டில் அந்த வேலையைப் பார்த்தது ஆத்தா மட்டும்தான்.

எல்லாம் முடிந்ததும் கங்காணியைக் கூப்பிட்டேன். “ஐயா, தொட்டுப் பாருங்க.”

உள்ளே வரவே பயந்தார். ராணி பலகையைக் கழுவிக் கொண்டுவந்து போட்டார். அதன்மேல் ஏறி நின்று, கண்ணை மூடிக்கொண்டு குழாயில் கையை வைத்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை.

“ஒண்ணுமில்ல மாப்ளே,” என்றார். “வெறும் இரும்பு.”

நான் ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டேன். கேள்வி வரும் என்று காத்திருந்தேன். எத்தனை வருசம் வரும் என்று அவர் கேட்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். ரோட்டில் ஜீப்காரர் ஹாரன் அடித்தார், இருட்டுவதற்குள் மெட்டை இறங்க வேண்டும் என்று அவருக்கு அவசரம். சொல்லிவிட்டுப் போகலாம் என்று நானும் பின்னால் போனேன்.

மேகத்துக்குள் அவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். குடத்தைச் சாய்த்து மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தார். யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டது. எனக்கு ஒரு நிமிசம் நெஞ்சு திக்கென்றது, பழையபடி ஆரம்பித்துவிட்டாரோ என்று.

“கோவிச்சுக்காத புள்ள,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “செடிய நாளைக்கு வச்சுர்றேன்.”